மாரியில் கதைக்கும் கம்பி

இரணைமடுக் குளத்துக்கு வரும் வெள்ளம் முழுவதும் இரணைமடுவில் பெய்த மழை அல்ல. வவுனியா வடக்கில் தொடங்கும் கனகராயன் ஆறு, மாங்குளம் பக்கத்துக் காட்டு நீரையெல்லாம் சேர்த்துக்கொண்டு வடக்கே வந்து குளத்தில் விழுகிறது. குளத்துக்குக் கீழே கிளிநொச்சி நகரம், பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளை. அதற்கும் அப்பால் சுண்டிக்குளம் கடல்நீரேரி. மேலே ஆறு ஏறத் தொடங்கும் நேரத்துக்கும் கீழே ஒரு வீட்டின் படியைத் தண்ணீர் தொடும் நேரத்துக்கும் இடையில் சில மணித்தியாலங்கள் இருக்கின்றன. அந்தச் சில மணித்தியாலங்களில் செய்தி போய்ச் சேர வழி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் தொழில்.

குளக்கட்டில் நீர்மட்டம் அளக்கும் கருவி ஒன்று, மழைமானி ஒன்று, இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும். பெட்டிக்குள் பற்றறியும் வானொலிக் கருவியும். பக்கத்தில் ஒரு கம்பம், அதன் உச்சியில் அன்ரனா. குறித்த இடைவெளியில் அது நீர்மட்டத்தை அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சில இடங்களில் அலுவலகத்திலிருந்து கட்டளை திரும்பிப் போய் நீர்ப்பம்பியை நிறுத்தும், கதவை அசைக்கும். டெலிமெற்றி, ஸ்காடா என்று இதற்குப் பெயர்கள். உலக வங்கியின் உதவியோடு 2008 இல் தொடங்கிய அணைப் பாதுகாப்பு, நீர்வளத் திட்டமிடல் செயற்றிட்டத்தின் பிறகு இலங்கையில் இந்த வேலை பரவலாகத் தெரிய வந்தது. கருவிகளைக் கேள்வி கோரி வாங்கிவிடலாம். பெட்டிக்கும் அலுவலகத்துக்கும் நடுவே கிடக்கும் வெளியை வாங்க முடியாது. அங்கே காடும் வயலும் குளமும் கிடக்கின்றன. அதைக் கடந்து சிக்னல் சேருமா, எவ்வளவு பலத்தோடு சேரும், எந்தக் காலத்தில் சேராமல் போகும் என்று அளந்து எழுதிக் கொடுக்கிறேன்.

இத்தனை வருட வேலையில் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்டது ஒன்று. கோடையில் சோதித்த பாதையை மாரிக்கு நம்பக்கூடாது. வன்னியில் இந்தக் கருவிகள் இருப்பதே மாரிக்காக. ஆனால் சோதிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சோழகம் வீசும் மாதங்களில்தான் போகிறார்கள். ரோட்டு காய்ந்திருக்கும், குளக்கட்டில் வாகனம் ஓடும், கம்பத்தில் பயமில்லாமல் ஏறலாம். அன்றைக்கு எல்லாம் நன்றாக வேலை செய்யும்.

வன்னி தட்டையான நிலம். மலைநாட்டில் வேலை செய்தவர்கள் இதைப் பார்த்துவிட்டு, மறைக்க மலையே இல்லை, இங்கே என்ன கஷ்டம் என்று கேட்பார்கள். கஷ்டமே அதுதான். மலையில் அன்ரனாவை உச்சிக்குக் கொண்டுபோனால் கீழே எல்லாம் தெரியும். இங்கே ஏறி நிற்க உயரம் இல்லை. கண்ணுக்கு நேர்கோடாகத் தெரியும் பாதையின் நடுவிலும் பூமியின் வளைவு எழும்பி நிற்கும். 20 கிலோமீற்றர் பாதையில், காற்றில் அலை வளைவதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும், நடுவில் அந்த வளைவு ஏறக்குறைய 6 மீற்றர். அதற்கு மேல் மரம்.

நேர்கோடு தெளிவாக இருந்தாலும் போதாது. வானொலி அலை நூல் மாதிரிப் போவதில்லை. நேர்கோட்டைச் சுற்றி, நடுவில் பருத்து இரு முனைகளிலும் ஒடுங்கும் ஒரு வெளி அதற்குத் தேவை. ஒளியை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் பிரெனெலின் பெயரால் அதைப் பிரெனெல் வலயம் என்கிறோம். 450 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் 20 கிலோமீற்றர் பாதையின் நடுவில் அந்த வலயத்தின் ஆரை 58 மீற்றர் வரை வரும். அதில் அறுபது வீதமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பழைய விதி. அப்படியென்றால் 35 மீற்றர். பூமியின் வளைவுக்கு 6, பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் காட்டுக்கு 15 என்று கூட்டினால் இரு பக்கமும் 56 மீற்றர் கம்பம் வேண்டும். ஒரு குளத்துக்கு அப்படிக் கம்பம் நட எவரும் பணம் தரமாட்டார்கள். ஆகவே வன்னியில் நாங்கள் தடையை ஏற்றுக்கொண்டுதான் வேலை செய்கிறோம். அந்தத் தடை எவ்வளவு தின்னும் என்பதைக் களத்தில் அளந்தே அறிய வேண்டும்.

கணக்கு ஒரு எல்லை வரைக்கும் கைகொடுக்கும். ஹரால்ட் பிரீஸ் என்ற பொறியியலாளர் 1946 இல் எழுதிய சமன்பாடு இன்றைக்கும் எங்கள் முதல் கருவி. 5 வாட் கருவி, இரு பக்கமும் 10 டெசிபெல் பெருக்கம் உள்ள யாகி அன்ரனாக்கள், கேபிளில் பக்கத்துக்கு 2 டெசிபெல் இழப்பு என்று வைத்துக்கொண்டால், நடுவில் எதுவுமே இல்லாத 20 கிலோமீற்றருக்கு மறுமுனையில் மைனஸ் 58 டி.பி.எம். (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்) அளவில் வர வேண்டும். கருவி ஏறக்குறைய மைனஸ் 110 வரை கேட்கும். தாளில் பார்த்தால் 50 டெசிபெல்லுக்கு மேல் மிச்சம் இருக்கிறது. களத்தில் மைனஸ் 90 கிடைத்தால் நான் சந்தோஷப்படுவேன். அந்த 30 டெசிபெல் வித்தியாசம் வன்னியின் காடும் மண்ணும் எடுத்துக்கொண்டது. 10 டெசிபெல் என்றால் பத்தில் ஒன்று, 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. வந்திருக்க வேண்டிய பலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது.

இந்த இழப்பைக் கணினியில் முன்கூட்டியே பார்க்க மென்பொருள்கள் உண்டு. நானும் பாவிக்கிறேன். ஆனால் அவற்றில் பல, விண்வெளி ஓடம் 2000 பெப்ரவரியில் ராடாரால் அளந்த நில உயரத் தரவில் நிற்பவை. அந்த ராடார் அடர்ந்த காட்டில் மண்ணைத் தொடவில்லை. இலைக் கூரையின் மேற்பகுதியைத்தான் பெரும்பாலும் பார்த்தது. 2000 இல் வன்னி எப்படி இருந்தது என்பது இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். சனம் இடம்பெயர்ந்த வயல்களில் பற்றை வளர்ந்திருந்தது. பிறகு சில இடங்களில் காடு வெட்டி வீட்டுத்திட்டம் வந்தது. சில இடங்களில் அன்றைய பற்றை இன்றைக்கு மரமாக நிற்கிறது. வரைபடம் வெளி என்று காட்டும் இடத்தில் காடும், காடு என்று காட்டும் இடத்தில் கச்சான் தோட்டமும் இருக்கும். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தை அருகில் விரித்து வைத்து, இரண்டையும் ஒப்பிட்டு, சந்தேகமான இடங்களைக் குறித்துக்கொண்டுதான் வெளிக்கிடுவேன்.

குறித்த இடங்களுக்கெல்லாம் போக முடிவதில்லை. பாதையின் நடுப்பகுதியில் மரம் எவ்வளவு உயரம் என்று பார்க்க காட்டுக்குள் இறங்கினால், மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கும். மிதிவெடி அகற்றும் வேலை 2009 இன் பிறகு பல ஆண்டுகள் நீண்டது. அந்தப் பலகையைத் தாண்டி எவரும் ஒரு அளவீட்டுக்காகப் போகக்கூடாது. அப்படியான இடத்தில் ரோட்டிலிருந்தே தூரத்து மர உச்சியின் கோணத்தை எடுத்து உயரம் கணிப்பேன். அது போதாவிட்டால் காட்டை ஐந்து மீற்றர் கூடுதலாகவே கணக்கில் எடுப்பேன்.

வானொலிக் கருவி இந்த மண்ணில் சாதாரணச் சாமான் அல்ல என்பதையும் மனதில் வைக்க வேண்டும். போர்க்காலத்தில் வோக்கி என்றாலே அது போராடுபவர்களின் சாமான். அதைக் கையில் வைத்திருந்த சாதாரண ஆள் இரு பக்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நினைவு சனத்திடம் இன்னும் இருக்கிறது. குளக்கட்டில் கம்பத்தை நிமிர்த்தினால் அரைமணித்தியாலத்துக்குள் ஒருவர் சைக்கிளில் வந்து நிற்பார், அல்லது முகாமிலிருந்து இருவர் வருவார்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அலைவரிசை அனுமதி, திணைக்களக் கடிதம் இரண்டும் கையில் இருக்க வேண்டும். கிராம அலுவலருக்கும் கமக்காரர் அமைப்புக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதை நான் அலுவலகச் சடங்காக நினைப்பதில்லை. அந்தக் கம்பம் யாருக்காக நிற்கப்போகிறதோ அவர்களுக்கு அது என்னவென்று முதலிலேயே தெரிய வேண்டும். தெரிந்துகொண்டவர்கள்தான் பிறகு அதைக் காவல் காக்கிறார்கள்.

சோதனை இரு பக்கமும் ஆள் நின்று செய்வது. ஒன்றுக்குள் ஒன்று செருகி நீளும் அலுமினியக் கம்பத்தை நிமிர்த்தி, திசைகாட்டி பார்த்து அன்ரனாவைத் திருப்பி, மறுமுனையில் நிற்பவர் அனுப்ப, நான் அளப்பேன். ஒரே உயரத்தில் அளந்துவிட்டு முடிந்தது என்று எழுதக்கூடாது. மூன்று மீற்றரில் தொடங்கி ஒவ்வொரு மீற்றராக உயர்த்தி அளக்க வேண்டும். உயர உயரச் சிக்னல் கூடும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். நேராக வரும் அலையும் தரையில் பட்டுத் தெறித்து வரும் அலையும் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில், ஒரு மீற்றர் உயர்த்தினால் சிக்னல் விழும், இன்னொரு மீற்றர் உயர்த்தினால் எழும்பும். சில இடங்களில் கம்பத்தைக் கட்டின் மறு ஓரத்துக்கு நகர்த்தினாலே பத்து டெசிபெல் கிடைக்கும். அதற்காக வாங்கும் கருவி எதையும் விட அந்த நகர்த்தல் மலிவு.

பிறகு இரைச்சலை அளக்க வேண்டும். சிக்னல் பலமாக வந்தாலும் கேட்கும் இடத்தில் இரைச்சல் இருந்தால் பயனில்லை. வன்னியில் இரைச்சலுக்கு ஊருக்கே உரிய காரணங்கள் உண்டு. யானை வேலிக்கு மின்துடிப்புக் கொடுக்கும் பெட்டி ஏறக்குறைய ஒரு செக்கனுக்கு ஒரு தரம் அடிக்கும். வேலிக் கம்பியில் செடி முட்டினால் அங்கே பொறி பறந்து, ஒவ்வொரு அடியும் எங்கள் கருவியில் டிக், டிக் என்று விழும். மழை பெய்து செடி வளர்ந்த பிறகு அது கூடும். சூரியப் படலிலிருந்து பற்றறிக்கு மின் ஏற்றும் மலிவான கட்டுப்பாட்டுக் கருவிகளும் எல்.ஈ.டி. விளக்குகளும் 150 மெகாஹேர்ட்ஸ் பக்கத்தில் அதிகம் இரையும். எங்கள் பெட்டிக்குள் இருக்கும் கருவியே எங்கள் வானொலியின் காதை அடைக்கும் இடங்களையும் பார்த்திருக்கிறேன். இந்தக் காரணத்தால் போகிற வழி நன்றாகவும் வருகிற வழி மோசமாகவும் இருக்கும். இரு திசையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

எந்த அலைவரிசை என்பதிலும் இழுபறி உண்டு. 150 மெகாஹேர்ட்ஸ் அலை காட்டை ஓரளவு தாண்டிப் போகும், ஆனால் இரைச்சல் கூட, அன்ரனாவும் பெரிது. 450 இல் இரைச்சல் குறைவு, அன்ரனா சிறிது, ஆனால் இலை அதை அதிகம் குடிக்கும். அனுமதியில்லாமல் பாவிக்கக்கூடிய 2.4 கிகாஹேர்ட்ஸ் கருவிகள் வெட்டவெளியில் அழகாக வேலை செய்யும். ஒரு தோப்பு குறுக்கே வந்தால் முடிந்தது.

முதலில் குரலில் பேசிப் பார்ப்பது எல்லாரும் செய்வது. மறுமுனையில் இருப்பவர் ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று எண்ணுவார். கரகரப்புக்கு நடுவே கேட்டாலும் எங்களுக்குப் புரியும், ஏனென்றால் அடுத்து என்ன வரும் என்று காதுக்குத் தெரியும். தரவு அப்படியல்ல. ஒரு எழுத்துப் பிழைத்தால் முழுச் செய்தியையும் தள்ளிவிட்டு மறுபடி கேட்கும். குரல் கேட்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பாதையை ஏற்றுக்கொண்ட அறிக்கைகளை நான் கண்டிருக்கிறேன். ஆயிரம் செய்திகளை அனுப்பி, எத்தனை முதல் முறையே சேர்ந்தன, எத்தனை திரும்ப அனுப்ப வேண்டி வந்தது என்று எண்ண வேண்டும். அதையும் விடியப்புறம், நடுமதியம், பொழுதுபட, நடுச்சாமம் என்று நாள் முழுக்கச் செய்ய வேண்டும்.

இங்கேதான் மிச்சக் கணக்கு வருகிறது. சிக்னல் எப்போதும் ஒரே அளவில் நிற்காது, ஏறி இறங்கும். கருவிக்குத் தேவையான அளவுக்கு மேலே எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து இணைப்பின் நம்பகம் மாறும். மோசமாக ஏறி இறங்கும் பாதையில் 10 டெசிபெல் மிச்சம் இருந்தால் நூற்றுக்கு 90, 20 இருந்தால் 99, 30 இருந்தால் 99.9 என்பது பொதுக் கணக்கு. 99 வீதம் என்றால் கேட்க நன்றாக இருக்கும். ஒரு வருடத்தில் ஒரு வீதம் என்பது 87 மணித்தியாலத்துக்கு மேல், அதாவது மூன்றரை நாளுக்கும் மேல். அந்த மூன்றரை நாளும் வருடம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் பரவாயில்லை. வன்னியில் அவை மாரியில் வந்து குவிகின்றன. அந்த மூன்றரை நாளுக்காகத்தான் கருவியே வைத்தோம்.

ஏன் மாரியில் குவிகின்றன என்பதை ஒரு குளத்தில் தெளிவாகப் பார்த்தேன். வேறொருவர் கோடையில் சோதித்துப் பொருத்திய இணைப்பு அது. ஆவணி, புரட்டாதியில் ஒரு குறையும் இல்லை. கார்த்திகையில் குளம் ஏற ஏறச் செய்திகள் விட்டுவிட்டு வந்தன, மார்கழியில் நின்றன. கருவியை மாற்றினார்கள், கேபிளை மாற்றினார்கள், பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது குளம் வான் பாய்ந்துகொண்டிருந்தது. நீர்மட்டம் பார்க்கிற அண்ணை குடையோடு கட்டில் நின்றார்.

"தம்பி, உந்தக் கம்பி கோடையிலை நல்லாக் கதைச்சது. குளம் நிரம்பினாத்தான் வாய் மூடுது" என்றார்.

"ஒவ்வொரு வரியமும் இப்பிடியோ அண்ணை?"

"என்ரை போனும் அப்பிடித்தான். கோடையிலை கட்டிலை நிண்டு எடுக்கலாம். வான் பாயேக்க வேலிக்கரைக்குப் போனாத்தான் எடுபடும்."

காரணத்தை அவர் பார்த்துவிட்டார். அந்தப் பாதை குளத்துக்கு மேலாகப் போகிறது. கோடையில் குளத்தின் பெரும்பகுதி வெறும் தரை, புல், பற்றை. அலை அதில் பட்டால் சிதறிப்போகும். குளம் நிரம்பினால் அதே இடம் பளபளப்பான நீர்ப்பரப்பு. அலை நீரில் பட்டுத் தெறித்து, நேர் அலைக்கு எதிராகத் திரும்பி, அதை வெட்டுகிறது. அதோடு நீர் ஏறினால் அன்ரனாவின் உயரம் குறைகிறது. 15 மீற்றர் உயரத்தில் நின்ற அன்ரனா, நீர் 5 மீற்றர் ஏறினால் அந்த நீரிலிருந்து 10 மீற்றரில்தான் நிற்கிறது. இரு பக்கமும் அப்படியென்றால், கணக்கின்படி உயரம் குறைந்ததால் மட்டுமே 7 டெசிபெல் போகும், அதாவது பலத்தில் ஐந்தில் நான்கு பங்கு போய்விடும். அன்ரனாவை நீர்ப்பரப்பைத் தவிர்க்கும் பக்கமாக, கட்டின் மறுமுனைக்குக் கொண்டுபோய், காட்டோரமாகப் போகும் பாதையில் வைத்தோம். காடு கொஞ்சம் தின்றது. ஆனால் கோடைக்கும் மாரிக்கும் வித்தியாசம் குறைந்தது. எனக்கு அதுவே வேண்டும். இரணைமடு முழுக் கொள்ளளவில் 36 அடி பிடிக்கும் குளம். 36 அடி என்றால் 11 மீற்றர். குளத்துக்குக் குறுக்கே பாதை போடுகிறவர்கள் அந்தப் பதினொரு மீற்றரையும் கணக்கில் எழுத வேண்டும்.

மழையே சிக்னலைத் தின்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். நாங்கள் பாவிக்கும் அலைவரிசையில் மழைத்துளி பெரிய தடையல்ல. நனைந்த இலை தடை. காய்ந்து நிற்கும் காட்டை விட மழையில் ஊறித் தளிர்த்த காடு அதிகம் தின்னும். கேபிள் முனையில் ரேப் சரியாகச் சுற்றாவிட்டால் நீர் உள்ளே இறங்கி, வெளியே பார்க்க ஒன்றும் தெரியாமல், கேபிளின் இழப்பு மாதம் மாதமாகக் கூடும். வானம் மூடி ஒரு கிழமை வெயில் இல்லாவிட்டால் பற்றறி இறங்கும். அனுப்பும் நேரத்தில் கருவி அதிக மின் இழுக்கும், அந்தக் கணத்தில் வோல்ற் விழுந்து கருவி தானே அணைந்து மறுபடி எழும்பும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, சூரியப் படலின் வயரைக் கழற்றிவிட்டு, பற்றறியில் மட்டும் எத்தனை நாள் ஓடுகிறது என்று பார்ப்பது. பாதைச் சோதனை என்றால் அலையை மட்டும் சோதிப்பது என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. செய்தி போய்ச் சேர என்னவெல்லாம் தேவையோ அதெல்லாம் பாதை.

கூடவே வன்னியின் உயிர்களும் இருக்கின்றன. மந்திகள் யாகியில் தொங்கித் திசையைத் திருப்பிவிடும். நன்றாகத் திரும்பிவிட்டால் அலுவலகத்தில் பலம் குறைந்தது தெரியும், காரணம் தெரியாது. பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டும், குளவி கேபிள் துவாரத்தை அடைக்கும். இழுகம்பி போட்ட கம்பத்தில் யானை உரசினால் கம்பம் சாயும். ஆகவே யானைப் பாதையில் இழுகம்பி இல்லாத தடித்த கம்பத்தை அடித்தளம் போட்டு நடச் சொல்வேன். இடி மின்னலுக்காகப் புதைக்கும் செப்புக் கம்பியைத் திருடிக்கொண்டு போவதும் நடக்கிறது. இவற்றையெல்லாம் அறிக்கையில் எழுதுகிறேன்.

கைபேசிக் கோபுரங்கள் இவ்வளவு வந்துவிட்டனவே, சிம் அட்டை போட்ட கருவி போதாதா என்று கேட்பவர்கள் பலர். சாதாரண நாளுக்கு அது போதும், மலிவும்கூட. ஆனால் எல்லா நாளும் சாதாரண நாள் அல்ல. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது இரணைமடுவின் 14 வான்கதவுகளும் திறக்கப்பட்டன. எந்த மணிக்கு எவ்வளவு நீர் வந்தது, எந்த மணிக்குக் கதவு திறந்தது என்று ஊரில் நெடுநாள் கதைத்தார்கள். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதையும் அடித்தது, பல மாவட்டங்களில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் ஒன்றாக அற்றுப்போயின. கைபேசிக் கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும், பின்னால் கண்ணாடியிழைக் கேபிள் வேண்டும், மின் நின்றால் பற்றறி சில மணித்தியாலம்தான். அப்படி மின் நின்ற இரவில்தான் எல்லாரும் ஒரே நேரத்தில் அழைப்பார்கள். எங்கள் சொந்த வானொலிப் பாதையில் இரு முனையிலும் இரண்டு பற்றறிகள் இருந்தால் போதும். இரண்டு வழிகளையும் வைத்திருப்பதே சரி. கைபேசி வழி நாளாந்த வேலைக்கு, வானொலி வழி மோசமான இரவுக்கு.

உயரம் இல்லாத நிலத்தில் ஒரு பெரிய உயரம் எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் நடுவே கொக்காவிலில் நின்ற பழைய கோபுரம் 1990 இல் போரில் அழிந்தது. அங்கே 174 மீற்றரில் புதிய கோபுரம் 2011 இல் திறக்கப்பட்டது. அந்த உச்சியிலிருந்து, 15 மீற்றர் கம்பம் வைத்த குளக்கட்டுக்கு வானொலித் தொடுவானம் 70 கிலோமீற்றர் வரும். வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதி அதற்குள் அடங்கும். இப்படியான ஓர் உயரத்தில் மீள்பரப்பி ஒன்று வைத்தால் முத்தையன்கட்டும் வவுனிக்குளமும் இரணைமடுவும் ஒரே வலையில் சேரலாம். ஆனால் எல்லாக் குளமும் ஒரே கோபுரத்தை நம்பினால், அந்தக் கோபுரம் நின்றால் எல்லாம் நிற்கும். பக்கத்துக் குளத்துக்குச் செய்தியைக் கைமாற்றும் குறும்பாதை ஒன்றையும் ஒவ்வொரு குளத்துக்கும் சோதித்து வைத்திருக்க வேண்டும்.

முல்லைத்தீவுக் கரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. பங்குனி, சித்திரையில் காற்று அடங்கிய விடியப்புறங்களில் கடலுக்கு மேல் சூடான காற்று படிந்து, அலை வழக்கத்தை விட வெகுதூரம் போகும். கரையில் நின்றால் தமிழ்நாட்டு வானொலி நிலையங்கள் தெளிவாகக் கேட்கும், எங்கள் அலைவரிசையிலேயே அங்கிருந்து யாரோ பேசுவதும் எங்கள் கருவிக்குள் வந்து விழும். ஒரு நாள் சோதனையில் இது அகப்படாது. கருவியைப் பல கிழமைகள் பதிவு செய்ய விட்டுவைத்தால்தான் தெரியும். அதன் பிறகு ஒவ்வொரு செய்தியிலும் எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்ற அடையாளம் இருக்கிறதா என்று உறுதிசெய்வேன்.

கண்காணிப்பை விடக் கட்டுப்பாடு பாரதூரமானது. நீர்மட்டச் செய்தி ஒன்று தவறினால் அடுத்தது வரும். கதவைத் திற என்ற கட்டளை அரைகுறையாகப் போனால் கீழே வாய்க்காலில் குளிப்பவர்களுக்கும் மாடு சாய்ப்பவர்களுக்கும் அது உயிர்ப் பிரச்சினை. ஆகவே கட்டளைப் பாதைக்கு நான் வைத்திருக்கும் நிபந்தனைகள் கடுமையானவை. முதலில் எந்தக் கதவு என்று தெரிவு செய்யும் செய்தி போக வேண்டும், பெட்டி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அதன் பிறகே இயக்கும் செய்தி. கதவு அசைந்ததை அளவுகருவி உறுதிப்படுத்தித் திரும்ப அனுப்ப வேண்டும். நடுவில் இணைப்பு அறுந்தால் கதவு நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். கட்டில் ஒரு மனிதர் நின்று கீழே பார்த்துச் சொல்லாமல் வான்கதவைத் தூரத்திலிருந்து திறக்கும் ஏற்பாட்டுக்கு நான் சம்மதிப்பதில்லை. கருவி அந்த மனிதருக்குத் துணையாக இருக்கட்டும். நீர்மட்டம் பார்க்கிறவருக்கும் நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையாருக்கும் தெரிந்த அளவு அந்தக் குளத்தை எந்தக் கருவியும் அறியவில்லை.

இந்த வேலை இனி எப்படி நடக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு தெளிவான ஆசை உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அதே அறிவியல் நகரில் 2016 இல் தொடங்கிய இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் இருக்கிறது. வவுனியாவில் 2021 இலிருந்து தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்த மூன்று இடத்திலும் படிக்கும் பிள்ளைகளில் பலர் இந்தக் குளங்களின் கீழ் விளைந்த நெல்லில் வளர்ந்தவர்கள். ஒரு பெரிய குளத்தை எடுத்து, ஒரு முழு வருடம், காலபோகத்திலிருந்து சிறுபோகம் முடியும் வரை, ஒவ்வொரு மணித்தியாலமும் சிக்னல் பலத்தையும் நீர்மட்டத்தையும் மழையையும் பற்றறி வோல்ற்றையும் ஒரே அட்டவணையில் பதிந்தால், வன்னிக்கென்று ஒரு கணக்கு கிடைக்கும். குளம் இத்தனை அடி ஏறினால் பாதை இத்தனை டெசிபெல் இழக்கும் என்று நாளைக்கு எவரும் ஊகிக்க வேண்டியிருக்காது. அதற்குப் பெரிய பணம் வேண்டாம். பதிவு செய்யும் ஒரு கருவியும், மாரியில் கட்டுக்குப் போக மனமுள்ள இரண்டு பேரும் போதும்.

அதுவரைக்கும் என் அறிக்கையின் முதல் பக்கத்தில் ஒரு வரியைக் கட்டாயம் எழுதுகிறேன்: சோதித்த மாதம், நேரம், அன்றைய நீர்மட்டம் எத்தனை அடி. அந்த வரி இல்லாத அறிக்கை எவர் கொடுத்தாலும், குளம் நிரம்பி நிற்கும் ஒரு நாளில் மறுபடி ஒருமுறை சோதிக்காமல் அந்தப் பாதையை ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.